வியாபாரிகள் சங்கம் தர்ம ஸ்தாபனமா?

வியாபாரிகள் சங்கத்துக்கு எதுக்குங்க வருமான வரி விலக்கு? அன்னசத்திரமா நடத்துறாங்க? இந்தக் கேள்வியோடதான் தீர்ப்புகளைப் புரட்ட ஆரம்பிச்சேன்.

1922-ஆம் வருடச் சட்டத்திலேயே ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு 'பொதுப் பயனுள்ள வேறு நோக்கங்கள்' என்பதும் தர்ம காரியம்தான். சங்கங்கள் நுழைந்தது இந்த வாசல் வழியாக. ஆந்திர வர்த்தக சபைக்குச் சென்னையில் சொந்தக் கட்டடம் இருந்தது. அதன் வாடகை வருமானத்துக்கு வரி உண்டா என்ற வழக்கில், 1964-இல் உச்ச நீதிமன்றம் சபையின் பக்கம் நின்றது. வணிகம் வளர்ந்தால் பொதுவாக எல்லோருக்கும் நன்மை; அதில் உறுப்பினர்களும் பயன்பெறுவது கூடவே வருவது, அதுவே நோக்கமாகிவிடாது.

சரி, அப்போ தர்மம்னு பேர் வச்சுக்கிட்டு வியாபாரமே பண்ணினா?

அதற்குத்தான் 2008 நிதிச் சட்டம் கடிவாளம் போட்டது. பொதுப் பயன் என்று சொல்லும் அமைப்பு கட்டணம் வாங்கி வியாபாரம்போல் நடத்தினால் விலக்கு போகும். பிறகு, நோக்கத்தை நிறைவேற்றும் போக்கில் நடப்பதாக இருந்து, அதன் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அடக்க விலைக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ வாங்கினால் அது வியாபாரமல்ல, கணிசமாகக் கூட்டி வாங்கினால் வியாபாரம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

எனக்கு இது நியாயமாத்தான் படுது. விலக்கு கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பொதுப் பணம். சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கு என்பதோடு, பில் புத்தகத்தையும் பார்க்கணும், இல்லையா?