இறந்த பேரரசரின் பெயரில் ஆர்க்காட்டு ரூபாய்

திமிரியை அடுத்துள்ள ஆர்க்காட்டின் பெயரால் ஒரு வெள்ளி நாணயம் தென்னாட்டில் வழங்கியது. அதுவே ஆர்க்காட்டு ரூபாய். ஆர்க்காட்டில் மட்டுமன்றி, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் சென்னையில் ஆங்கிலேயரும் அனுமதி பெற்று அதை அடித்தனர். பிறைக்குறி இருந்தால் புதுச்சேரிக் காசு; தாமரை இருந்தால் சென்னைக் காசு.

சென்னைக் காசில் பாரசீக எழுத்தில் மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர் காணப்படும். அவர் 1759இல் கொல்லப்பட்டார். 1801இல் கர்நாடக நாட்டின் ஆட்சியே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. ஆயினும், 1807 முதல் இயந்திரத்தால் அடிக்கப்பட்ட காசுகளிலும் அதே பெயர். அதே ஹிஜ்ரி 1172ஆம் ஆண்டு!

ஏன் இப்படி? மக்களுக்குப் பழகிய காசு எளிதில் கைமாறும். புதிய முத்திரையைக் கண்டால் காசு மாற்றும் ஷராப்புகள் ஐயுறுவர். 'வட்டம்' பிடித்துக்கொண்டே மாற்றித் தருவர். இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. வோல்கா ஆற்றின் அருகே பல்கார் நகரை 1236இல் வென்ற மங்கோலியர், அங்கு அடித்த தொடக்க காலக் காசுகளில் 1225இலேயே இறந்துவிட்ட பாக்தாத் கலீபா நாசிரின் பெயரைப் பொறித்தனர்.

ஆனால் பெயர் மட்டும் போதுமா? போதாது. காசு நிறுத்தும், சுண்டி ஓசை கேட்டும் சோதிக்கப்பட்டது. இதன் அறிவியலைக் காண்போம். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளியின் எடை சுமார் 10.5 கிராம், செம்பு 8.96 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் ஒரு பங்கு செம்பும் கலந்த 11.66 கிராம் காசின் பருமன் 1.13 கன சென்டிமீட்டர். பாதிக்குப் பாதி செம்பு கலந்தால் அதே எடைக்குப் பருமன் 1.21 ஆகிவிடும். காசு தடித்தோ அகன்றோ காட்டிக்கொடுத்துவிடும். பருமனை ஈடுகட்ட, வெள்ளியைவிட அடர்த்தி மிகுந்த ஈயத்தைச் சேர்த்தாலோ, ஓசை மழுங்கிவிடும்.

1818இல் சென்னை ரூபாய்க்கு வகுத்த எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், தரம் பன்னிரண்டில் பதினொன்று. 1835ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுமைக்கும் நான்காம் வில்லியம் மன்னரின் பெயரில் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. ஆலம்கீரின் பெயர் மறைந்தது. ஆனால் எடையும் தரமும் சென்னை ரூபாயினுடையவையே.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்பதே சொல். காசின் மேலுள்ள பெயர் அரசனுடையது. அதன் நாணயமோ உள்ளே இருக்கும் வெள்ளியில் உள்ளது.