கண்ணாடித் திரை அழகுதான். எழுத்து தெரிய வேண்டாமா?

பூப்போட்ட பாவாடைக்கு மேல் மெல்லிய வாயில் தாவணி போட்டால், பூவெல்லாம் மங்கலாக ஊடே தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தாவணி மேலேயே பொடி எழுத்தில் எழுதி, படி என்றால் முடியுமா? ஐபோனின் புதுத் தோற்றம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது.

ஆப்பிள் கம்பெனி 2025 ஜூனில் அறிவித்து, செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 26-உடன் வெளியிட்ட இதற்கு 'லிக்விட் கிளாஸ்' என்று பெயர். ஐபோன் 11 முதலே இது வரும். அந்த மாடல் 2020-லிருந்து நம்ம ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாரானது. பிள்ளைகள் புதுசு வாங்கிக்கொண்டு பழசை அம்மாவிடமும் பாட்டியிடமும் கொடுத்துவிடுவதால், விழுப்புரம், திண்டிவனம் வீடுகளிலும் இந்தக் கண்ணாடி நுழைந்துவிட்டது.

போனோடு வரும் ஆப்களில் மட்டுமல்ல, பேங்க், மருந்து, டிக்கெட் என்று வெளியார் செய்த ஆப்களிலும், அவர்கள் புது முறைக்கு மாறியதும் பட்டன்கள் கண்ணாடியாகிவிடுகின்றன.

நாற்பதைத் தாண்டினாலே கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் வைத்துப் படிப்பது சிரமமாகிறது. கண்புரை ஆரம்பித்தவர்களுக்கோ வெளிச்சம் கூசும். எழுத்தும் பின்னணியும் ஒன்றாகக் கலந்து தெரியும். பேங்க் ஆப்பில் 'அனுப்பு' எது, 'ரத்து' எது என்று தெரியாமல் தொட்டால் போவது நம்ம பணம்தானே?

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது, சகோதரிகளே.

முதலில் போன் முழுவதற்கும்: செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்' போய், 'லிக்விட் கிளாஸ்' என்பதைத் தொடுங்கள். 'டின்டட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கண்ணாடி சற்றுக் கெட்டியாகும். இந்த வசதி 2025 நவம்பரில் வந்த 26.1-ல்தான் சேர்ந்தது, இல்லையென்றால் போனை அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு ஆப்புக்கு மட்டும்: செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி', அதில் கீழே 'பெர்-ஆப் செட்டிங்ஸ்'. 'ஆட் ஆப்' தொட்டு, பேங்க் ஆப்பைச் சேருங்கள். பிறகு அதன் பெயரைத் தொட்டு 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி', 'இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட்', 'போல்ட் டெக்ஸ்ட்' மூன்றையும் 'ஆன்' செய்யுங்கள். திரை ஊடே தெரிவது குறையும், எழுத்து தடிக்கும். போட்டோ பார்க்கிற ஆப் பழையபடி பளபளப்பாகவே இருக்கட்டும். பணமும் மருந்தும் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

சில ஆப்கள் சொந்தமாகக் கண்ணாடி வரைந்து வைத்திருக்கும், இதற்கு மசியாது. அந்த ஆப்பிலேயே உள்ள உதவிப் பகுதியில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். கேட்டால்தானே மாற்றுவார்கள்?

ஒன்றை மறக்காதீர்கள். மாமியாருக்கோ அம்மாவுக்கோ மாற்றிக் கொடுக்கும்போது, நம் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டு விடக்கூடாது. போனை அவர்கள் கையில் கொடுத்து, திண்ணை வெளிச்சத்தில் ஒவ்வொரு பட்டனாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படித்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.