கடல்நீர் மீன் தொட்டி: குறையும் தண்ணீரையும் கால்சியத்தையும் தானாக நிரப்புவது எப்படி?

வீட்டில் பவள உயிரிகளோடு கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் நான்கு நாள் ஊருக்குப் போகவே யோசிப்பார்கள். மீனுக்கு உணவு போட பக்கத்து வீட்டில் சொல்லிவிடலாம். தினமும் ஆவியாகிக் குறையும் தண்ணீரை யார் பார்ப்பது? பவளம் எடுத்துக்கொள்ளும் கால்சியத்தை யார் ஈடுகட்டுவது? இந்த இரண்டையும் தானாகச் செய்ய வழி உண்டு. ஆனால், தவறாக அமைத்தால் ஒரே ராத்திரியில் தொட்டி காலியாகிவிடும்.

உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?

‘குறையுறது உப்புத் தண்ணிதானே, அதையே ஊத்திட்டா போச்சு’ என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் தினமும் 2 லிட்டர் குறைவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் அப்படியே விட்டால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 37.6 கிராமாக ஏறிவிடும்.

எனவே, நிரப்ப வேண்டியது உப்பில்லாத சுத்தமான நீர். போர்வெல் தண்ணீரில் உள்ள தாதுக்கள் நாளுக்கு நாள் தொட்டியில் சேரும். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாது சேர்க்கிறார்கள். அதனால் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிடுங்கள். அளவு பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதல்லவா, அதே கதைதான். நீர்மட்டம் இறங்கினால் மிதவை ஸ்விட்ச் இறங்கி, சிறிய பம்ப் ஓடும். மட்டம் ஏறியதும் நின்றுவிடும். பெரிய தொட்டிக்குக் கீழே வடிகட்டித் தொட்டி இருந்தால், நீரை மேலே அனுப்பும் பம்ப் உள்ள அறையில் ஸ்விட்சைப் பொருத்துங்கள். தண்ணீர் குறைவது அங்கேதான் தெரியும்.

எங்கே சறுக்கும்?

மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தாலோ, உப்பு படிந்து இறுகினாலோ பம்ப் நிற்காது. இதற்கு மூன்று பாதுகாப்புகள் அவசியம்.

1. சற்று உயரத்தில் இரண்டாவது ஸ்விட்ச். முதலாவது சிக்கிக்கொண்டாலும் இது மின்சாரத்தைத் துண்டிக்கும்.

2. குழாயின் முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சேமிப்புக் கேன் உயரத்தில் இருக்கக் கூடாது. இல்லையென்றால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

3. கேன் சிறியதாக இருக்கட்டும். 200 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர் கேன் வைத்தால், அது முழுவதும் கொட்டினாலும் உப்பு 33 கிராமுக்குக் கீழே போகாது, மீன்கள் பிழைத்துக்கொள்ளும். கேனுக்குப் பதிலாக ஆர்.ஓ. குழாயை நேரடியாக இணைத்தால் எல்லையே இல்லை. வீடும் நனையும், தொட்டியும் போகும்.

கால்சியம் ஏன், எவ்வளவு?

பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட். அது வளர நீரிலிருந்து கால்சியத்தோடு காரத்தன்மையையும் எடுத்துக்கொள்ளும். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் வரை, காரத்தன்மை 7 முதல் 10 டிகேஹெச் வரை இருப்பது நல்லது. கால்சியம் 7 பிபிஎம் குறையும்போது காரத்தன்மை சுமார் 1 டிகேஹெச் குறையும். இந்த மாற்றம் டெஸ்ட் கிட்டில் எளிதில் பிடிபடும் என்பதால், காரத்தன்மையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

எதையும் சேர்க்காமல், மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். 200 லிட்டரில் தினமும் 1 டிகேஹெச் குறைந்தால், ஈடுகட்டச் சுமார் 6 கிராம் சமையல் சோடாவும், 5 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் தேவை. இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் கரைத்து, தனித்தனி டோசிங் பம்ப் மூலம், வெவ்வேறு நேரத்தில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒன்றாகக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து வீணாகிவிடும்.

சுண்ணாம்புத் தண்ணீர் போதாதா?

போதும், சிறிய அளவில். தெளிந்த சுண்ணாம்பு நீர் 2 லிட்டர், அதே தொட்டிக்கு ஏறக்குறைய 1 டிகேஹெச் தரும். ஆவியான தண்ணீரையும் ஈடுகட்டும். ஆனால் அதன் பிஎச் 12க்கு மேல். மொத்தமாகக் கொட்டினால் உயிர்கள் தாங்காது. எனவே ஒரு நாள் அளவை மட்டும் தனிப் பாத்திரத்தில் வைத்து, இரவில் மெதுவாக விடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். ஆய்வகத் தரத்தில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். பாறை கட்டும் பவளங்கள் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலோ வேறு கடலிலோ எடுத்ததை வாங்குவது குற்றம். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். அடுத்தது, ஊருக்குக் கிளம்பும் அன்று புதிய கருவியை மாட்டாதீர்கள். இரண்டு வாரமாவது வீட்டில் இருந்து, அது ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.