தேன்மொழியும் மஹாகவியும்

கவிதைக்கென்றே ஓர் ஏடு நடத்த 1955ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் இருவர் துணிந்தனர். ஒருவர் ‘மறுமலர்ச்சி’க் காலத்திலிருந்தே இலக்கியப் பணிபுரிந்த வரதர், மற்றவர் அளவெட்டி து. உருத்திரமூர்த்தி, நாம் ‘மஹாகவி’ என்று அறிந்தவர். ஏட்டின் பெயர் ‘தேன்மொழி’. கதை வேண்டுவோர் மலிந்த நாட்டிற் செய்யுளை மட்டும் விற்றல் எளிதோ? சில இதழ்களோடு அது நின்றது.

அம்முயற்சி வீணென்பார் உளர், நான் உடன்படேன். அதே ஆண்டில் வரதர் வெளியிட்ட ‘வள்ளி’க்குப் பின், மஹாகவியின் அடுத்த நூலாகிய ‘குறும்பா’ 1966இலேதான் வந்தது. ஐந்தடியில் நகையும் குத்தலும் செறிந்த அப்புதுப் பாவகையை இன்று மாணவர் சுவைக்கின்றனர். ஆனால் இடைப்பட்ட 11 ஆண்டும் அவர் வாளாவிருந்தாரல்லர். எழுதுவினைஞராய்த் தொடங்கிய அரசாங்க உத்தியோகத்தின் நடுவே ஓயாது எழுதினார். பத்திரிகைகளும் சிற்றேடுகளுமே அக்கவிதைகளுக்கு வீடாயின. வாரப் பதிப்பை நறுக்கிப் பேணிய வாசகரிடம் அவை தங்கின. கச்சான் சுற்றப் போன தாள்கள் எத்தனையோ!

1971இல், 44 வயதில், அவர் மறைந்தார். ‘வீடும் வெளியும்’ 1973இலேதான் நூலுருப் பெற்றது. அவருடைய ஆக்கங்களைத் தேடித் தொகுப்பதில் கவிஞர் எம். ஏ. நுஃமான் முன்னின்றார். அவ்வுழைப்பு இல்லையேல் மஹாகவி நமக்கு வெறும் பெயராயிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஆதலின், தந்தையார் பெட்டகத்திலே பழைய சிற்றேடுகள் கிடக்கக் காணும் அன்பர்கள், கறையான் முந்துமுன் அவற்றைப் படியெடுக்கக் கொடுத்துதவுக.