சாய்ந்து நிற்கும் அசெம்பிளி

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் இனெர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவு இயங்குகிறது. ராக்கெட் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு முடுக்கம் பெறுகிறது என்று உணரும் கைரோக்களும் முடுக்கமானிகளும் அங்கே உருவாகின்றன. இத்தகைய கருவிக்குத் திசைதான் உயிர். சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துத் திரும்பிய நாசாவின் ஜெனிசிஸ் கலம் 2004 செப்டம்பர் 8 அன்று யூட்டா பாலைவனத்தில் மோதி நொறுங்கியது. வேகக்குறைவை உணர்ந்து பாராசூட்டை விரிக்க வேண்டிய சிறிய சுவிட்சுகள் வடிவமைப்பு வரைபடத்திலேயே தலைகீழாக இருந்தன.

இத்தகைய வரைபடங்கள் இன்று கணினியில் வடிவமைக்க உதவும் கேட் (CAD) மென்பொருளில் பிறக்கின்றன. அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் சொந்த அச்சுகள் உண்டு; அவற்றை இணைத்த அசெம்பிளிக்குப் பொதுவான அச்சுகள் உண்டு. சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் வழக்கமாக ஒய் அச்சு மேல்நோக்கும், ஃப்ரீகேட் என்ற மற்றொன்றில் இசட். ஒன்றில் செய்த கோப்பை மற்றொன்றில் திறந்தால் இயந்திரம் படுத்துக்கிடப்பது இதனால்தான்.

கற்றுக்கொள்பவர்கள் உடனே காட்சியைச் சுழற்றுகிறார்கள். அது கோணலாக மாட்டிய படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்ப்பது போல; மாதிரி அசைவதே இல்லை. பாகங்களை ஒவ்வொன்றாகத் திருப்புவதும் வேண்டாம், இணைப்புகள் முரண்டு பிடிக்கும். முதலில் வைத்த பாகம் பெரும்பாலும் அசையாதபடி பூட்டப்பட்டிருக்கும், மற்றவை அதைப் பற்றியே நிற்கும். அந்தப் பூட்டை விடுவித்து, அதன் அச்சுகளோடு அமைந்த மூன்று அடிப்படைத் தளங்களை அசெம்பிளியின் மூன்று தளங்களோடு பொருத்த வேண்டும்.

ஏன் மூன்று? தடையின்றி இருக்கும் ஒரு பொருளுக்கு ஆறு அசைவுகள்: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுழலலாம். முதல் தளம் மூன்றைத் தடுக்கும், இரண்டாவது இரண்டை, மூன்றாவது மிச்சமுள்ள ஒன்றை. அந்த முதல் பாகம் நிமிர்ந்ததும் மற்றவை பின்தொடரும். வேறு பாகம் எதுவும் தனியாகப் பூட்டப்பட்டிருந்தால் அது மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். முன்கூட்டியே தேடி விடுவியுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. தளங்கள் ஒரே பக்கம் பார்த்தாலும் எதிரெதிராகப் பார்த்தாலும் பொருந்தியதாகவே கணக்காகும். ஆகவே அதே மூன்று தளங்கள் நான்கு விதமான நிலைகளில் பிழைச்செய்தியே இல்லாமல் அமர முடியும். சிலவற்றில் இயந்திரம் தலைகீழ். பொருத்தியபின், மேலே இருக்க வேண்டிய பக்கம் மேலே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு பூட்டுங்கள்.