கல்யாண ஊரில் ஒரு வழக்கு

எங்கள் ஊர் நாராயணவனம், புத்தூருக்குப் பக்கம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022 முதல் திருப்பதி மாவட்டம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை வேங்கடவன் கைப்பிடித்த ஊர் என்று பெயர். அந்த ஊர்க்காரனாகிய நான், மணமாகாமலே தகப்பனான ஒருவரைப் பற்றி எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் நம் பிள்ளைகள் வீட்டிலும் நடக்கக்கூடிய விஷயம் இது. சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

போன வருஷம் நம் சங்கப் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டான்: "மாமா, கோர்ட்டுக்குப் போனா குழந்தையைக் குடுப்பாங்களா?"

அவனும் அந்தப் பெண்ணும் சென்னையில் வேலை பார்த்தபோது பழகியவர்கள். இரு வீட்டாரும் சம்மதிக்கவில்லை. இவன் அமெரிக்கா வந்தான், அவள் நாராயணவனத்தில் பிரசவித்தாள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயராக இவன் பெயரைத்தான் கொடுத்தாள். குழந்தைக்கு நாலு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது ஆறு வயதுப் பெண். பாட்டியோடு, தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்கிறது.

நான் வக்கீல் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தில், மணமாகாத பெற்றோரின் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தாய். அவருக்குப் பிறகு தகப்பன். தாய் உயிரோடு இருக்கும்வரை தகப்பன் இரண்டாம் இடம்தான். 2015-இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கேட்கும்போது தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பியே தீரவேண்டும் என்பதில்லை என்றே தீர்ப்பளித்தது. கைவிட்டுப் போன தகப்பன்மாரை நினைத்தால் அது நியாயம்தான்.

நம் பையன் விஷயத்தில் தாய் இல்லை. எனவே சட்டப்படி அவன்தான் அடுத்தவன். ஆனாலும் அதே சட்டம், குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. ஆறு வருஷத்தில் இரண்டே முறை பார்த்த அப்பாவா, தினமும் தலை பின்னிவிடும் பாட்டியா? இந்தக் கேள்விக்குச் சான்றிதழ் பதில் சொல்லாது.

இங்கே 1972-இல் இதே போல் ஒரு வழக்கு நடந்தது. இல்லினாயைச் சேர்ந்த பீட்டர் ஸ்டான்லி, ஒரு பெண்ணோடு விட்டுவிட்டு 18 வருஷம் வாழ்ந்தவர். அவள் இறந்ததும், மணமாகாத தகப்பன் என்ற ஒரே காரணத்துக்காக மாநிலம் பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்தது. அவர் தகுதியற்றவரா என்று விசாரிக்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். கவனியுங்கள், விசாரணை கிடைத்தது என்பதுதான் வெற்றி. பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சேதி: இங்கிலாந்து, வேல்ஸில் 2003 டிசம்பர் முதல் தேதியிலிருந்து பிறப்புப் பதிவில் தகப்பனாகப் பெயர் பதிந்தாலே பெற்றோர்ப் பொறுப்பு வந்துவிடுகிறது. இந்தியாவில் அப்படி இல்லை. அது சாட்சியம் மட்டுமே.

மனுவை எங்கே போடுவது? அப்பா இருக்கும் ஊரில் அல்ல, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில், அல்லது அங்கே குடும்ப நீதிமன்றம் இருந்தால் அதில். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் அப்படிச் சொல்கிறது. இங்கே வாங்கும் உத்தரவை எடுத்துக்கொண்டு போய் அங்கே நீட்டினால் நடக்கும் என்று நம்பாதீர்கள். மனுவோடு பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள். பாட்டிக்கு நோட்டீஸ், அவர் பதில், சமரசப் பேச்சு, பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை. விவரம் புரியும் வயதாக இருந்தால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கருதலாம். இங்கிருந்து பவர் எழுதிக் கொடுப்பவர்கள் தூதரகத்தில் அத்தாட்சி பெறலாம். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பாட்டி, "அப்பன் இவன் இல்லை" என்று சொல்லவில்லை. அதனால் மரபணுச் சோதனை என்ற பேச்சே எழவில்லை. "நீங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டா நான் யாருக்குச் சோறு ஆக்கறது?" என்று மட்டும் கேட்டாராம்.

வழக்கு முடியவில்லை. சமரசப் பேச்சில், ஞாயிறுதோறும் வீடியோவில் பேசலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனி மாதம் பையன் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்தான். முதல் வாரம் குழந்தை அவனை "சார்" என்று கூப்பிட்டதாம்.