புதிதாக வேலை செய்த எஞ்சினில் தண்ணீர் குறைந்தால்

யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களை இன்றும் காணலாம். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடியவை இவை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, முதியவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிச் சென்றவற்றுள் இவையும் அடங்கும்.

காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு இப்படியொரு கார் இருந்தால், ஹயர் ஓடியும் மரக்கறி ஏற்றியும் சீவியத்தைக் கொண்டு போகலாம். அதற்காகவே கடன்பட்டு எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் றிங் மாற்றிப் பூட்டுகிறார்கள். இரண்டாம் நாளே றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. “கஸ்கெற் போய்விட்டது, ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டும்” என்ற பேச்சு உடனே எழும். கழற்றினால் புதுக் கஸ்கெற், கூலி, ஓடாத நாட்களின் நட்டம் எல்லாம் சேர்ந்து பழைய கடனோடு கூடும். ஆகவே தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ட பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

முதலாவது, உண்மையில் ஒழுக்குத்தானா? புதிதாகப் பூட்டிய எஞ்சினுக்குள் காற்று அடைபட்டிருக்கும். சூடாகி தேர்மோஸ்ரற் திறந்ததும் காற்று வெளியேற, நீர்மட்டம் இறங்கும். கழுத்துவரை நிரப்பினால் சூட்டில் விரியும் தண்ணீர் மேலதிகக் குழாயால் வெளியே கொட்டும். இரண்டு மூன்று முறை ஓட்டி, ஆறவிட்டு, நிரப்பிப் பாருங்கள். மட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஒழுக்கு இல்லை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்துபோகும்.

மட்டம் தொடர்ந்து குறைந்தால், இரவில் காரின் கீழே காட்போட் மட்டையொன்றை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்கு நேரே என்று பாருங்கள். ஹோஸ் கிளிப்புகள் குளிரில்தான் கூடுதலாக ஒழுகும். தண்ணீர்ப் பம்பின் அடியில் உள்ள சிறு துளையால் சொட்டினால் பம்பின் சீல் பழுது. தேர்மோஸ்ரற் மூடி, வடிகுழாய், றேடியேற்றரின் ஈய ஒட்டு ஆகியவற்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கைப்பம்பு கராஜில் இருந்தால் மிக நல்லது. றேடியேற்றர் மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நிலத்தில் ஒரு சொட்டும் இல்லாவிட்டால் உடனே உள் ஒழுக்கு என்று தீர்மானிக்கிறார்கள். அண்மையில் நாம் பார்த்த காரிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ரோச் அடித்துப் பார்த்தபோது எஞ்சின் பிளொக்கின் பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. வார்ப்புத் துளைகளை மூடும் வட்டத் தகடுகளில் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. சூடான இரும்பில் பட்ட தண்ணீர் நிலத்தில் விழுமுன் ஆவியாகி, சுண்ணாம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு கேத்திலைக் கெடுப்பது போல எஞ்சினையும் கெடுக்கும். ஆனால் இங்கே ஒழுக்கைக் காட்டிக் கொடுத்ததும் அதுதான். பழைய தகடுகளில் ஊசித்துளை இருந்தாலும் துருவும் சுண்ணாம்பும் அதை அடைத்து வைத்திருக்கும். பிளொக்கைச் சுரண்டிக் கழுவியதும் அது திறந்துகொள்ளும். எஞ்சின் வேலை செய்யும்போதே இத்தகடுகளை மாற்றுவது மலிவு.

வெளியே எதுவுமே இல்லையென்றால்தான் உள்ளே தேட வேண்டும். இரவு முழுவதும் நின்ற காரின் ஒயில் வடிகட்டையை மெதுவாகத் தளர்த்துங்கள். ஒயிலுக்குள் தண்ணீர் போயிருந்தால், பாரம் கூடிய தண்ணீர் முதலில் வரும். ஒயில் பால்தேநீர் நிறமாகக் கலங்கியிருந்தாலும் அதே கதைதான். அந்த எஞ்சினை மேலும் ஓட்டினால் புது பெயாரிங்குகள் தேய்ந்து போகும். ஸ்பாக் பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் கழுவியதுபோலச் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகிக்கலாம். ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்ராட் செய்ததும் றேடியேற்றரில் குமிழிகள் ஓயாமல் வந்தால் கஸ்கெற்றால் புகை தள்ளுகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஹெட் மட்டமாக இருக்கிறதா, வெடிப்பு உண்டா என்று பார்க்காமல் புதுக் கஸ்கெற் போடுவது வீண்செலவு.

கேம்பிறிட்ஜ் எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. ஹெட்டை இறுக்கும் 11 நட்டுகளில் 4, றொக்கரையும் சேர்த்துப் பிடிக்கின்றன. தண்ணீரை வடிக்காமல் றொக்கரைக் கழற்றினால், ஹெட் சற்றுத் தூக்கி, நல்ல கஸ்கெற்றும் கசியத் தொடங்கலாம். “றொக்கரை மட்டும்தான் தொட்டோம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே விசாரியுங்கள்.

றேடியேற்றருக்குள் மஞ்சள்தூள் போடும் வழக்கம் உண்டு. நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர உதவலாம். ஆனால் கடன்பட்டுச் சுத்தமாக்கிய நீர்வழிகளைத் திரும்ப அடைப்பதும் அதுவே. சுண்ணாம்பு குறைந்த மழைத்தண்ணீரை வடித்துச் சேமித்து, துருத்தடுப்புக் கூலன்ட் கலந்து ஊற்றுவது நல்லது. கூலன்ட் இனிப்பானது, நஞ்சு. வடித்ததைப் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.